பேரு இருந்தாச் சொல்லாத

அத்தை,

இன்று காலையில் உங்கள் குங்குமச் சிமிழைத் திறந்தேன். சிமிழ் என்று பெருமைக்குச் சொல்கிறேன். தலைவலித் தைலம் வந்த தகர டப்பாதான் அது. மூடியில் இருந்த படம் தேய்ந்து போய், உங்கள் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு இடம் மட்டும் பளபளவென்று இருக்கும். உள்ளே குங்குமம் இல்லை. ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு, அதோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் மணல். விரலை விட்டுத் தொட்டேன். நறநறத்தது. நம் ஊர் ஆறு, சித்தூர்ப் புழையின் மணல் இல்லை அது. சயாம் ஆற்று மணல்.

போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன் அத்தை. தைப் பொங்கல் கழிந்து போனோம். வந்து மாதங்கள் ஆகின்றன. உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மூணாறில், தேயிலைத் தோட்டத்துக் கூலி வீட்டு வரிசையில், நம் லயத்து வாசலில் நீங்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம். உங்கள் கடைசி வருஷம் அது. கம்பளியைக் காதுவரை இழுத்துவிட்டு, எதிர் மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களைப் பார்த்தபடியே மாமாவைப் பற்றிச் சொன்னீர்கள்.

"ஏட்டி, எப்பவாச்சும் யாராச்சும் அந்தச் சயாம் பக்கம் போனா, அவுக பேரு அங்கன இருக்கான்னு பாத்துட்டு வாங்க. இல்லேன்னா வந்து சொல்லு. இருந்தாச் சொல்லாத."

"ஏனுங்க அத்தை, ஊரு உலகத்துல இருந்தாச் சொல்லுன்னுதானுங்க கேப்பாங்க?"

"ஒங்க ஊருல கேப்பாக. பேரு கல்லுல ஏறிட்டா ஆளு மண்ணுக்குள்ள போயிட்டாகன்னு ஆயிருமே. அந்தச் சேதி எனக்கு எதுக்குட்டி?"

அங்கே பெயர் இல்லை அத்தை. அதனால் சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் இல்லை என்ற ஒரு சொல்லோடு முடிகிற சேதியில்லை இது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் கொழிஞ்சாம்பாறையிலிருந்து உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், நான் வாயைத் திறந்தாலே உங்களுக்குச் சிரிப்பு வரும். "ஏனுங்க போனுங்கன்னுக்கிட்டு, பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு பிடிக்கவாட்டி வந்திருக்க?" என்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டு, "எம் மருமவ அட்டைப்பூச்சியக்கூட வாங்க போங்கன்னுதான் பேசுறா, வந்து கேளுங்க" என்பீர்கள். எனக்குக் கோபம் வரும். அந்த லயத்திலேயே அஞ்சாம் வகுப்புவரை படித்த மருமகள் நான் ஒருத்திதான். எழுத்துக்கூட்டாமல் கடுதாசி படிப்பேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது.

வந்த அன்றே ஒன்றைப் பார்த்தேன். மூத்த பெண்கள் பலர் வெறும் நெற்றியோடு இருந்த அந்த லயத்தில், உங்கள் நெற்றியில் கால் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். கழுத்தில் மஞ்சள் கயிறு. ஆனால் வீட்டில் மாமனார் இல்லை. படமும் இல்லை. அடுப்படியில் மெதுவாகக் கேட்டேன், மாமா எங்கேயென்று. "மலாயாவுக்குப் போயிருக்காக" என்றீர்கள், நேற்றுப் போனவரைச் சொல்வது போல. அவர் கப்பலேறியபோது கைக்குழந்தையாக இருந்த உங்கள் மகனுக்கு, நான் கைப்பிடித்து வந்தபோது முன்தலையில் நரை வந்திருந்தது.

மிச்சத்தை உங்கள் மகன்தான் எனக்குச் சொன்னார். ரப்பர்த் தோட்டத்தில் கூலி அதிகம், இரண்டு பொங்கல் கழித்து வந்துவிடுகிறேன் என்று போனவர் மாமா. பிறகு சண்டை வந்தது. கடுதாசி நின்றது. சண்டை முடிந்து அங்கிருந்து உயிரோடு திரும்பிய நம் பக்கத்து ஆள் ஒருவர், எலும்பும் தோலுமாக வந்து இரண்டே இரண்டு விஷயம் சொன்னார். ஜப்பான்காரன் தோட்டத்து ஆட்களைச் சயாமில் ரயில் ரோடு போடப் பிடித்துக்கொண்டு போனான். மாமா அவர்களை ஏற்றிய சரக்கு ரயிலில் ஏறியதைத் தன் கண்ணால் பார்த்தார். இறங்கியதைப் பார்த்தவர் யாருமில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நீங்கள் ஆயுசு முழுக்கக் குடியிருந்தீர்கள்.

மாமாவின் பெயரை நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை. கட்டினவன் பெயரைப் பெண்சாதி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று எங்கள் அம்மா எனக்கும் சொல்லித்தான் அனுப்பினார். நானும் உங்கள் மகன் பெயரை அவர் இருந்தவரை சொன்னதில்லை. ஆனால் என் புருஷன் சாயங்காலமானால் வீட்டுக்கு வந்துவிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டிய தேவை எனக்கில்லை. உங்களுக்கு அப்படியா? எங்கே இருக்கிறார் என்று தெரியாத மனிதருக்கு உங்களால் செய்ய முடிந்த ஒரே காரியம், அவர் பெயரைச் சொல்லாமல் இருப்பதுதான். அப்படித்தான் அவரை உயிரோடு வைத்திருந்தீர்கள். எங்கள் மகனுக்குத் தாத்தா பெயரை வைக்கலாம் என்று எல்லோரும் சொன்னபோதும், "ஆளு இருக்கையில பேர எதுக்கு இன்னொருத்தனுக்குக் குடுக்கிய?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள்.

அந்த ஜீப் கதையை உங்கள் வாயால் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். மழை பெய்து வேலை நின்ற நாள். பால் விடாத கட்டன் சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறவிட்டு, குடிக்காமலே சொன்னீர்கள்.

சண்டை முடிந்த மறு வருஷம் லயத்துக்கு ஒரு ஜீப் வந்தது. மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயரை எழுத ஒரு துரை மாதிரி உடுப்புப் போட்டவர் வந்திருந்தார். எல்லோரும் கொழுந்துக்குப் போயிருந்தார்கள். நீங்கள் மட்டும் காய்ச்சலோடு படுத்திருந்தீர்கள். உங்கள் மகன் பள்ளிக்கூடத்தில்.

"புருஷன் பேர் என்ன?" என்றார் அவர்.

நீங்கள் எதிர் மலையைக் காட்டினீர்கள். பிறகு கைகூப்பினீர்கள். மாமாவின் பெயருக்கு அதுதான் உங்கள் ஜாடை. ரேஷன் கடையிலும் டிஸ்பென்சரியிலும் அப்படித்தான். நீங்கள் ஜாடை காட்டினால் நம் ஆண்கள் யாராவது கூட நின்று பெயரைச் சொல்லிவிடுவார்கள். அன்றைக்குச் சொல்ல யாருமில்லை.

"ஜாடை வேண்டாம். பேரைச் சொல்லு."

நீங்கள் மறுபடியும் மலையைக் காட்டினீர்கள்.

"அவரு சலிச்சுப் போயிட்டாருட்டி. கட்டினவன் பேரு தெரியாத பொம்பளைய இங்கதான் பாக்கேன்னு கூட வந்தவங்கிட்டச் சொன்னாரு. தொண்டை வரைக்கும் வந்துச்சு. நாக்குல ஏறல. ஜீப்பு கெளம்பிருச்சு. வளைவுவரைக்கும் பின்னாலயே ஓடுனேன். ஓடையிலயும் பேரச் சொல்லல பாத்தியா, நில்லுங்க நில்லுங்கன்னுதான் கத்துனேன்."

சாயங்காலம் கொழுந்து எடை போட்டு முடிந்து வந்த எல்லோரும் கேட்டுப் பார்த்தார்கள். எந்த ஆபீஸ், யார் அனுப்பியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த ஜீப் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு எந்த ஜீப் சத்தம் கேட்டாலும் நீங்கள் எழுந்து வாசலுக்கு வருவீர்கள். முதலில் எப்போதாவது ஒன்று வரும். பிறகு மூணாறு மாறிவிட்டது. விடிந்தால் அடைந்தால் சுற்றுலா ஜீப், தொப்பியும் கேமராவுமாக ஆட்கள். முழங்கால் வலியோடு நீங்கள் ஒவ்வொன்றுக்கும் எழுந்தீர்கள். "உக்காருங்க அத்தை, டூரிஸ்ட்டுங்க" என்றால், "எனக்குத் தெரியாதாக்கும். காலு மரத்துப் போச்சு, அதான் எந்திரிச்சேன்" என்பீர்கள். காணாமல் போனவரை நினைத்து மட்டும் நீங்கள் எழவில்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் எங்காவது தேடியிருப்பார்கள், எங்காவது எழுதியிருப்பார்கள், உங்கள் நாக்கால்தான் அவர் பெயர் இல்லாமல் போனார். அதுதான் உங்களுக்குள் கிடந்தது. நான் கேட்டதில்லை. நீங்கள் சொன்னதில்லை. ஒரே அடுப்பில் சமைத்தவர்களுக்கு இது தெரியாதா?

நீங்கள் போன அன்றைக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உங்களைக் குளிப்பாட்டிக் கிடத்தினோம். பொட்டு வைக்கலாமா கூடாதா என்று பெரியவர்களுக்குள் வாக்குவாதம். "மலாயாக்காரரு செத்து எத்தன வருசம் ஆச்சு, இப்பப் போயிப் பூவும் பொட்டுமா?" என்று ஒருவர் கேட்டார். நான் இந்தத் தகர டப்பாவை எடுத்துக்கொண்டு நடுவில் போனேன்.

"ஏனுங்க, எங்க மாமா செத்ததை உங்கள்ல ஆருங்க பாத்தீங்க? பாத்தவங்க வந்து அழிச்சுப்போட்டுப் போங்க."

கால் ரூபாய் அகலத்துக்கு வைத்தேன். நீங்கள் சுமங்கலியாகத்தான் போனீர்கள்.

எங்களுக்கு வேலைக்காலம் முடிந்ததும் லயத்தைக் காலி செய்து கொழிஞ்சாம்பாறைக்கே வந்துவிட்டோம். உங்கள் மகன் இங்கே சில வருஷம் இருந்துவிட்டு அவரும் போய்விட்டார். நீங்கள் இடுப்பில் வைத்துக்கொண்டு அலைந்தீர்களே நிவேதா, உங்கள் கொள்ளுப்பேத்தி, அவள் சித்தூர் காலேஜில் படித்துவிட்டு இப்போது கொச்சியில் டூரிஸ்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஆட்களைக் கூட்டிக்கொண்டு விமானத்தில் போகிறாள், வருகிறாள். பொள்ளாச்சி பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் எல்லாம் நான் இதைச் சொல்லிவிடுவேன். சொல்லக்கூடாதா என்ன?

சயாமைத்தான் இப்போது தாய்லாந்து என்கிறார்கள் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். "அப்பத்தா, அந்த ரயில் பாதை இன்னும் இருக்குது. மியூசியம்கூட இருக்குது. வாரியா?" என்றாள். உங்கள் பேரன் பயந்தான். இந்த வயதில் எதற்கம்மா என்றான். நான் உங்கள் டப்பாவில் புதிதாகக் குங்குமம் நிரப்பி, இரண்டு பாலித்தீன் பையில் சுற்றி, பெட்டியில் வைத்தேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. உங்களைக் கூட்டிக்கொண்டு போவதாக ஒரு நினைப்பு.

அது ஒரு பெரிய ஆறு அத்தை. நிறைந்து, சத்தமில்லாமல் போகிறது. மேலே இரும்புப் பாலம். அதில் இன்னும் ரயில் ஓடுகிறது. பாலத்தின் மேல் கூட்டம். கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள், ஐஸ்கிரீம் தின்கிறார்கள், சிரிக்கிறார்கள். எனக்கு முதலில் வயிறு எரிந்தது. பிறகு நினைத்துப் பார்த்தேன். நம் மலைக்கு வருகிறவர்களும் அப்படித்தானே? தேயிலைக்கு நடுவில் நின்று படம் எடுக்கிறபோது, அங்கே யார் யார் அட்டைக் கடியிலும் குளிரிலும் செத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ரயில் வந்தது. எல்லோரும் ஓரமாக ஒதுங்கினோம். மெதுவாகத்தான் வந்தது. தண்டவாளத்துக்குக் கீழே இருக்கிற கட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதில் ஒன்றையாவது மாமா தோளில் சுமந்திருப்பாரா? கட்டைகளை எத்தனையோ தடவை மாற்றியிருப்பார்கள் என்றாள் நிவேதா. இருக்கட்டும் என்றேன்.

பிறகு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். பார்க்கவேண்டும் நீங்கள். பசும்புல் ஒரே அளவாக வெட்டி, வரிசை வரிசையாகக் கல். பிடிபட்டு வந்து செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது, பக்கத்தில் ஒரு பூச்செடி. நிவேதா சிலவற்றை வாசித்துச் சொன்னாள். எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். சில கல்லில் அம்மா அப்பா எழுதச் சொன்ன ஒரு வரியும் இருந்தது. நான் அழுதேன் அத்தை. அவர்களுக்காகத்தான் அழுதேன். பிள்ளை பெற்றவளுக்கு அந்தக் கல்லைப் பார்த்தால் தாங்காது.

ஆனாலும் கண் தேடிக்கொண்டே இருந்தது. ஒரு வரிசை விடாமல் நடந்தேன். ஒரு "ம"வோ ஒரு "சா"வோ எங்காவது வராதா என்று. நிவேதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பத்தா, இதுல நம்ம ஆளுக இல்ல. இது சிப்பாயிகளுக்கு மட்டும்."

"நம்மாளுக எங்க சாமி?"

மியூசியத்துக்குள் கூட்டிப்போனாள். இருட்டாக, குளிராக இருந்தது. சுவர் முழுக்கப் படம், எழுத்து. கண்ணாடிப் பெட்டிக்குள் துருப்பிடித்த மண்வெட்டி, தட்டு, ஊசி மருந்துக் குப்பி. ஒரு படத்துக்கு முன்னால் என் கால் நின்றுவிட்டது. கோவணம் கட்டிய கறுத்த மனிதர்கள், விலா எலும்பு தெரிய, மூங்கில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தலையில் துண்டைச் சுற்றியிருந்த விதம் நம் ஊர்ச் சுற்றுதான். வேறு எங்கும் அப்படிச் சுற்றமாட்டார்கள்.

"கீழே என்ன போட்டிருக்குது?"

"ஆசியத் தொழிலாளர்கள்னு போட்டிருக்குது அப்பத்தா."

"பேரு?"

அவள் குனிந்து மறுபடியும் வாசித்துப் பார்த்தாள். "பேரு இல்ல."

அங்கே நடந்ததை மறைக்காமல்தான் எழுதியிருந்தார்கள். அந்தச் சிப்பாய்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்தது மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் இன்னும் எங்கெங்கிருந்தோ கொண்டுவந்த கூலி ஆட்கள்தானாம். பேதியில் செத்தார்கள், காய்ச்சலில் செத்தார்கள், அடி தாங்காமல் செத்தார்கள். எத்தனை பேர் என்றே சரியாகத் தெரியாதாம். எண்ணிக்கையே தெரியாத இடத்தில் பெயருக்கு எங்கே போவது? அந்தப் படத்தில் மாமா இருந்தாரா என்று கேட்பீர்கள். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லையே அத்தை. நீங்கள் வந்திருக்கவேண்டும்.

ஆற்றங்கரையில் ஒரு புத்தர் கோயில் இருக்கிறது. அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒரு சின்னக் கோபுரம். காட்டில் கண்டெடுத்த கூலி ஆட்களின் எலும்புகளை மொத்தமாகச் சேர்த்து அதன் அடியில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அங்கே புல்வெளி இல்லை. பூச்செடி இல்லை. ஒரு நாய் நிழலில் படுத்திருந்தது. எங்களைப் பார்த்து வாலை ஆட்டிவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது.

நான் அந்தப் படியில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னாலேயே ஒரு அம்மாள் அங்கே உட்கார்ந்திருந்தார். ஜீன்ஸ் பேண்ட், கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு கொத்து மல்லிகை. வேற்று நாட்டுக்காரி என்று நினைத்தேன். அவர்தான் முதலில் பேசினார்.

"இந்தியாவாம்மா நீங்க?"

"ஆமாங்க. கேரளாங்க. கொழிஞ்சாம்பாறை."

"நாங்க மலேசியா. எங்க தாத்தா தோட்டத்துல ரப்பர் வெட்டிக்கிட்டு இருந்தவரு. சாப்பிட உக்காந்தவரைத் தட்டோட தூக்கிட்டுப் போயிட்டானுங்களாம்."

நான் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். "பேரு எங்கியாச்சும் கெடைச்சுதுங்களா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது.

"பேரா? எங்க பாட்டி லாரி பின்னாலயே பேரைக் கத்திக்கிட்டு ஓடினாங்கம்மா. சண்டை முடிஞ்சப்புறம் ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கி, எழுதிக்கோ எழுதிக்கோன்னு சொன்னாங்க. சாகுற வரைக்கும் பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொன்னாங்க. எங்கயும் ஏறல. இருபது வருஷமா நானும் தேடுறேன். எந்தச் செவுத்துலயும் இல்ல. இங்க இருக்கிற நம்ம ஆளுங்க யாருக்கும் பேரு இல்லம்மா."

இதைச் சொல்லத்தான் அத்தை நான் இந்தக் கடுதாசியை எழுதுகிறேன். மற்றதெல்லாம் வழியில் பார்த்தது. இதுதான் சேதி.

அந்த அம்மாளின் பாட்டி கத்தினார். நீங்கள் கத்தவில்லை. இரண்டு பேருடைய புருஷனும் ஒரே கோபுரத்துக்கு அடியில், பெயரில்லாமல்தான் கிடக்கிறார்கள். நீங்கள் அன்றைக்கு அந்தத் துரையிடம் பெயரைச் சொல்லியிருந்தாலும் அங்கே இருந்திருக்காது. பெயரைக் கேட்டு எழுதுகிற மனசு அவர்களைக் கூட்டிப்போனவனுக்கும் இல்லை, வேலைக்கு வைத்திருந்தவனுக்கும் இல்லை. அது உங்கள் நாக்கால் வந்ததில்லை அத்தை. கேட்கிறதா? உங்கள் நாக்கால் வந்ததில்லை. அத்தனை ஜீப்புக்கும் நீங்கள் எழுந்திருக்க வேண்டியதே இல்லை.

நான் படியிறங்கி ஆற்றங்கரைக்குப் போனேன். வழுவழுப்பான, உள்ளங்கை அகலக் கல் ஒன்றைப் பொறுக்கினேன். டப்பாவைத் திறந்து, ஆற்றுத் தண்ணீர் விட்டுக் குங்குமத்தைக் குழைத்தேன். நான் தாலி அறுத்தவள். குங்குமத்தில் கை வைத்ததை நம் லயத்துப் பெண்கள் பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்குப் பேசுவார்கள். பேசட்டும்.

"நான் எழுதட்டா அப்பத்தா?" என்றாள் நிவேதா.

"வேண்டாஞ்சாமி. இதுக்கு எங்க அஞ்சாங்கிளாசு போதும்."

மாமனார் பெயரை மருமகளும் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. எழுதினேன். மோதிர விரலால், ஒவ்வொரு எழுத்தாக. எழுதி முடித்ததும் அந்தக் கோபுரத்தின் அடியில் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தேன். பயமாகவும் இருந்தது அத்தை. நீங்கள் இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்திருந்த உயிரை நான் ஒரு விரலால் முடித்துவிட்டேனோ என்று.

அந்த மலேசியா அம்மாள் எழுந்து வந்தார். குனிந்து, கண்ணைச் சுருக்கி, எழுத்துக்கூட்டி, சத்தமாக மாமாவின் பெயரை வாசித்தார். ஒரு தடவை தட்டுத்தடுமாறி. பிறகு ஒரு தடவை முழுசாக.

நம் வீட்டுக் காரியமாக ஒரு பெண்ணின் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஆறு அதன் பாட்டில் போனது. நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"எனக்கு எழுத வராதும்மா" என்றார் அவர். "கொஞ்சம் படிப்பேன், அவ்ளோதான். எங்க தாத்தா பேரும் எழுதித் தர்றீங்களா?"

எழுதிக் கொடுத்தேன். அவரோடு பஸ்ஸில் வந்தவர்கள் சிலர் கோயிலைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் வந்தார்கள். அவர்களும் ஆளுக்கொரு கல்லைக் கொண்டுவந்தார்கள். எழுதத் தெரிந்தவர்கள் டப்பாவை வாங்கித் தாங்களே எழுதினார்கள். தெரியாதவர்களுக்கு நான் எழுதினேன். தாத்தா, தாத்தாவின் தம்பி, அப்பாவின் அண்ணன். ஒருவருக்குப் பெயரும் தெரியவில்லை, "பெரியதாத்தா" என்று மட்டும் எழுதச் சொன்னார். அப்படியே எழுதினேன். அந்த அம்மாள் மல்லிகையைக் கிள்ளிக் கிள்ளி ஒவ்வொரு கல்லுக்கும் வைத்தார். உங்கள் குங்குமம் தீர்ந்துவிட்டது அத்தை. வழித்து வழித்து எழுதினோம். மணல் டப்பாவுக்குள் போனது அப்போதுதான்.

இப்போது ஜூன் பிறந்துவிட்டது. கொழிஞ்சாம்பாறைக்கு மழை இன்னும் வரவில்லை. மூணாறில் கொட்டுகிறதாம். சயாமிலும் மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது என்று நிவேதா போனில் சொன்னாள். நேற்று அதைக் கேட்டதிலிருந்து அந்தக் கல்லே கண்ணுக்குள் நிற்கிறது. குங்குமம்தானே, பெயிண்ட் இல்லையே. முதல் மழைக்கே கரைந்து, கோபுரத்தைச் சுற்றி இருக்கிற மண்ணுக்குள் இறங்கியிருக்கும்.

ஆகவே நீங்கள் சொன்ன பேச்சை நான் மீறவில்லை. இல்லேன்னா வந்து சொல்லு என்றீர்கள். சொல்கிறேன். அங்கே பெயர் இல்லை அத்தை.

அது என் காதில் இருக்கிறது. கொடியில் துணி எடுக்கும்போது, பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது, திடீரென்று கேட்கிறது. அந்த அம்மாள் இரண்டாம் தடவை வாசித்தது அழுகையாகவும் இல்லை, ஒப்பாரியாகவும் இல்லை. சோறு ஆறுகிறது என்று, வாசலில் நின்று ஒரு ஆளைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.